உயிர்த் திசுவை உறைய வைத்தலும் மீட்டெடுத்தலும்: சேலத்தில் நான் அடிக்கடி கேட்ட கேள்விகள்

ஓமலூர், வாழப்பாடி, ஏற்காடு வட்டாரங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய காலம் முழுவதும் என் வண்டியில், மாடுகளுக்கான உறைவிந்துக் குச்சிகளைக் குளிரில் வைக்கும் 3 லிட்டர் திரவ நைட்ரஜன் கேன் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் எழும் வெண்புகையைப் பார்த்துவிட்டு, மாட்டுக்காரர் முதல் பள்ளிப் பிள்ளை வரை யாராவது ஏதாவது கேட்காமல் விட்டதில்லை. ஓய்வு பெற்றபின் கல்லூரிகளில் பேசப் போனபோதும், குழந்தைப் பேற்றுச் சிகிச்சையில் இருந்த உறவினர்கள் வீட்டுக்கு வந்தபோதும், அதே ஐயங்கள்தான் வேறு வேறு சொற்களில் வந்தன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, எளியதிலிருந்து கடினமானது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தண்ணி உறைஞ்சா பெருக்கும், செல்லு வெடிச்சிடும். இதுதானுங்களே சங்கதி?

கால்வாசி சரி. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது என்பது உண்மைதான்; ஆனால் திசு கெடுவதற்கு அது முதன்மைக் காரணம் அன்று. மெதுவாகக் குளிரூட்டும்போது பனிப் படிகம் முதலில் செல்லுக்கு வெளியே இருக்கும் நீரில்தான் தோன்றுகிறது. படிகம் தூய நீரை மட்டுமே தன்னுடன் சேர்த்துக்கொள்ளும், உப்பை ஒதுக்கிவிடும். ஆகவே எஞ்சிய நீரில் உப்பு ஏறிக்கொண்டே போய், செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேகமாகக் குளிரூட்டினால் வேறு விதமான கேடு வருகிறது. நீர் வெளியேற நேரம் கிடைக்காமல், செல்லுக்குள்ளேயே படிகம் உண்டாகி உட்சவ்வுகளைக் கிழித்துவிடுகிறது. மெதுவாகப் போனால் உப்பும் வறட்சியும், வேகமாகப் போனால் உள்ளே பனி என்னும் இந்த இரட்டைச் சிக்கலைப் பீட்டர் மேசரும் அவருடைய குழுவினரும் 1972இல் தெளிவாக வகுத்துச் சொன்னார்கள். எந்தச் செல்லுக்கு எந்த வேகம் பொருந்தும் என்பது செல்லுக்குச் செல் மாறும்.

அப்ப கொல்றது குளிரா, ஐஸா?

பெரும்பாலும் பனிதான். குளிர் மட்டுமே சிலவற்றைக் கெடுப்பதும் உண்டு. குளிர்பெட்டியில் வைத்த வாழைப்பழம், பனி எதுவும் உண்டாகாமலேயே தோல் கறுத்துப்போவது அப்படிப்பட்டது. ஆனால் ஆபத்தான பகுதி 0 டிகிரிக்கும் மைனஸ் 130 டிகிரிக்கும் இடையில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில், வேதிவினைகள் நின்றுபோகின்றன, படிகம் வளரவும் வழியில்லை. அந்த இடைப்பட்ட பகுதியைப் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் கடந்தாக வேண்டும். கீழே வரும் விடைகள் எல்லாம் இந்தக் கடத்தலைப் பற்றியவையே.

சினை ஊசிக் குச்சிக்குள்ள ஐஸ் இருக்கா, இல்லையா?

இருக்கிறது. கால் மில்லிலிட்டர் கொள்ளும் உறைவிந்துக் குச்சியில், முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் கலந்த கரைசலில், சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்கும். உறையும்போது வெளியே உள்ள நீரின் பெரும்பகுதி பனியாகவே மாறுகிறது. விந்தணுக்களோ தனித்தனியானவை, பனிப் படிகங்களுக்கு நடுவே உறையாமல் எஞ்சும் மெல்லிய வாய்க்கால்களில் அவை ஒதுங்கிக்கொள்கின்றன. கணிசமானவை இறந்தாலும், மீதமுள்ளவை சினைப்படுத்தப் போதுமானவை.

சிறுநீரகத்துக்கோ இருதயத்துக்கோ இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே செல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களோடு ஒரு கட்டடமாக நிற்கின்றன. செல்களில் பத்தில் ஒன்பது பிழைத்தாலும், குழாயின் உட்சுவர் உரிந்துவிட்டால் உறுப்பு பயன்படாது. ஆகையால் திசுவில் பனியைச் சமாளிப்பது போதாது, அது உண்டாகாமலே தடுக்க வேண்டும்.

கிளிசரால் ஊத்தறது கார்ல கூலண்ட் ஊத்தற மாதிரியா சார்?

நெருங்கிய ஒப்புமைதான். காரில் ஊற்றும் கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலையே கருவை உறைய வைக்கும் கூடங்களிலும், மிகத் தூய வடிவில், பயன்படுத்துகிறார்கள். கிளிசரால், எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்றவை நீர் மூலக்கூறுகளைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு, அவை ஒன்றுகூடிப் படிகமாக அடுக்கப்படுவதைக் குறுக்கே நின்று தடுக்கின்றன. உப்பின் செறிவு ஏறுவதையும் மட்டுப்படுத்துகின்றன. இவற்றை இனி உறைகாப்பான்கள் என்று குறிப்பிடுகிறேன்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவல் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒரு புட்டிக் கரைசல் மட்டும் வியக்கத்தக்க விளைவைத் தந்தது. ஆராய்ந்து பார்த்தால், சீட்டு மாறிப்போனதால் அந்தப் புட்டியில் சர்க்கரைக்குப் பதிலாகக் கிளிசராலும் ஆல்புமினும் இருந்திருக்கின்றன. 1949இல் அது வெளியாயிற்று. நம் ஊர்க் கொட்டகைகளில் பிறக்கும் கலப்பினக் கன்றுகளுக்கு அந்தச் சீட்டுக் குழப்பத்தோடு உறவு உண்டு.

'கண்ணாடி ஆக்கறது'ன்னு சொல்றீங்களே, அது என்ன?

கற்கண்டையும் பஞ்சு மிட்டாயையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் சர்க்கரைதான். பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள் கணக்கில் ஆறவிட்டால் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு கற்கண்டாகின்றன. உருகிய சர்க்கரையை இழையாகச் சுழற்றிக் கணத்தில் ஆறவைத்தால், அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல், இருந்த இடத்திலேயே இறுகிப் பஞ்சு மிட்டாயாகின்றன. பின்னது கண்ணாடி நிலை: திரவத்தின் ஒழுங்கின்மையும் திடத்தின் இறுக்கமும் சேர்ந்த நிலை. நீரையும் இப்படிப் படிகமாக்காமல் இறுகச் செய்வதைத்தான் கண்ணாடியாக்கல் என்கிறோம். கருவாக்கக் கூடங்களில் விட்ரிஃபிகேஷன் என்றே சொல்வார்கள்.

அதற்கு வழி இரண்டு. ஒன்று வேகம். மற்றொன்று கலப்பு: பாகு திரும்பவும் சர்க்கரையாகப் பூத்துவிடாமல் இருக்கச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள் அல்லவா? சாறு சர்க்கரையில் ஒரு பகுதியை வேறு இரண்டு சர்க்கரைகளாகப் பிரித்துவிடுவதால், கலவையான கூட்டம் எளிதில் அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. உறைகாப்பான்களை ஒன்றுக்கு மேற்பட்டுக் கலப்பதும் அந்த நோக்கத்தில்தான். பேசில் லுயே 1930களிலேயே இந்த எண்ணத்தை முன்வைத்தார்; 1985இல் வில்லியம் ரால், கிரெகரி ஃபாஹி ஆகியோர் எலியின் கருவை இவ்வாறு மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டுபோய் உயிரோடு மீட்டுக் காட்டினார்கள்.

கேன்ல தூக்கிப் போட்டா பட்டுனு உறைஞ்சிடாதா? எதுக்கு இவ்வளவு மருந்து?

தூய நீரைக் கண்ணாடியாக்க வேண்டுமென்றால் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் வெப்பம் இறங்க வேண்டும். எந்தத் திசுவுக்கும் அது வாய்க்காது. மேலும், காய்ந்த தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உடனே ஆவியாகாமல் துள்ளித் துள்ளி ஓடுமே, அதற்கு அடியில் உள்ள நீராவி மெத்தைதான் காரணம். திரவ நைட்ரஜனுக்கு நம் அறை வெப்பத்தில் உள்ள திசு காய்ந்த தோசைக் கல்தான். நைட்ரஜன் கொதித்து, திசுவைச் சுற்றி ஆவிப் போர்வை போர்த்திவிடுவதால் குளிர் உள்ளே போவது தாமதமாகிறது.

மனிதக் கருமுட்டைக்கு இந்தத் தடை சிறியது. மெல்லிய பட்டையின் நுனியில், ஒரு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு திரவத்தோடு முட்டையை வைத்து முக்கினால் நிமிடத்துக்கு 20,000 டிகிரிக்கு மேற்பட்ட வேகம் கிடைக்கிறது. 150 கிராம் எடையுள்ள சிறுநீரகத்தின் நடுப்பகுதிக்கு நிமிடத்துக்குச் சில டிகிரி கிடைத்தாலே பெரிது. வேகத்தில் இழந்ததைச் செறிவில்தான் ஈடுகட்ட முடியும்.

அப்ப மருந்தை நல்லா கெட்டியா ஊத்திட வேண்டியதுதானே?

அங்கேதான் நச்சு குறுக்கிடுகிறது. பெரிய திசுக்களுக்கென உருவாக்கிய வி.எஸ்.55 என்ற கலவையில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 55 கிராம் உறைகாப்பான் இருக்கும். உயிருள்ள செல்லை அதில் சாதாரண வெப்பத்தில் ஊறவைத்தால் பனி வருமுன்னே கலவையே அதைக் கொன்றுவிடும். ஆகையால் படிப்படியாகச் செறிவைக் கூட்டுவார்கள், வெப்பத்தையும் கூடவே இறக்குவார்கள். குளிரக் குளிர நச்சுத்தன்மை குறையும். எம்22 என்ற கலவைக்கு அந்தப் பெயர் வந்ததே மைனஸ் 22 டிகிரியில் செலுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டதால்தான்.

வெளியே எடுக்கும்போதும் அதே பொறுமை வேண்டும். உறைகாப்பான் நிறைந்த செல்லை நேரே வெறும் கரைசலில் போட்டால் நீர் பாய்ந்து உள்ளே புகுந்து செல் வீங்கிவிடும். அதைத் தடுக்க, முதலில் அடர்ந்த சுக்ரோஸ் கரைசலிலும் அடுத்து நீர்த்ததிலுமாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

உறைய வெச்சாச்சு. எடுத்து வெந்நீர்ல போட்டா முடிஞ்சது. இதுல என்ன கஷ்டம்?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகுதியாக வந்ததும், விடை மிகுதியாக வியப்பளித்ததும் இதுதான். உறைய வைப்பதை விட மீட்பதே கடினம். பனிப் படிகம் உண்டாக இரண்டு நிகழ்ச்சிகள் தேவை: முதலில் கண்ணுக்குத் தெரியாத கரு, அதாவது படிகத்தின் தொடக்கத் துணுக்கு, தோன்ற வேண்டும், பிறகு அது வளர வேண்டும். செறிந்த கலவைகளில், வளர்ச்சிக்கு ஏற்ற வெப்பம் மேலேயும், கரு தோன்றுவதற்கு ஏற்ற வெப்பம் அதற்கு வெகு கீழே, கண்ணாடி நிலைக்குச் சற்று மேலேயும் இருக்கின்றன. குளிர்ந்து இறங்கும் திசு முதலில் வளர்ச்சிப் பகுதியைக் கடக்கிறது. அப்போது வளர்வதற்குக் கருவே இல்லை, விதைக்காத வயலில் மழை பெய்தது போல. பிறகு கருக்கள் தோன்றும் பகுதி வருகிறது. அங்கே அவை வளர முடியாத அளவுக்குப் பாகு இறுகிவிட்டது. திரும்பி வரும்போதோ வயல் முழுக்க விதை தூவிக் கிடக்கிறது, அடுத்து வருவது மழை.

அதனால்தான் வி.எஸ்.55க்குக் குளிரூட்டும்போது நிமிடத்துக்கு 2.5 டிகிரி வேகம் போதுமானதாக இருக்க, சூடாக்கும்போது சுமார் 50 டிகிரி தேவைப்படுகிறது. எம்22க்கு இவை 0.1, 0.4 என்ற அளவுக்குக் குறையும். 2009இல் செக்கி, மேசர் ஆகிய இருவரும் எலியின் கருமுட்டைகளைக் கொண்டு செய்த சோதனையில், குளிரூட்டிய வேகத்தை விடச் சூடாக்கிய வேகமே பிழைப்பைத் தீர்மானித்தது.

இதே நிகழ்ச்சி வீட்டிலும் நடக்கிறது. மின்வெட்டில் சற்றே இளகி மீண்டும் உறைந்த ஐஸ்கிரீம் நாக்கில் கரகரவென்று படும். சிறு படிகங்கள் கரைந்து, பெரியவை அவற்றை விழுங்கிப் பருத்ததன் விளைவு அது. ஏற்காட்டு மூடுபனியில் பிரித்து வைத்த பஞ்சு மிட்டாய் சுருங்கி மணல்போல ஆவதும் கண்ணாடி நிலை குலைந்து படிகமாவதுதான்.

மைக்ரோவேவ்ல வெச்சு சூடு பண்ணக் கூடாதா?

முயன்றிருக்கிறார்கள். எந்த இடம் கொஞ்சம் முந்திச் சூடாகிறதோ அந்த இடமே மேலும் மேலும் அலையை உறிஞ்சிக்கொள்வதால், ஓரிடம் வெந்துபோக மற்றோரிடம் உறைந்தே கிடக்கும். வெந்நீர்த் தொட்டியோ வெளிப்புறத்தை மட்டும் சூடாக்கும். தடித்த திசுவின் நடுவில் படிகம் வளர்ந்துவிடும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் பிஷாஃபின் குழு இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. சிலிக்கா பூசிய மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களை உறைகாப்பானோடு கலந்து வைத்து, மீட்கும்போது மின்சுருளுக்குள் நிறுத்தி மாறுகாந்தப் புலத்தைச் செலுத்துகிறார்கள். துகள் இருக்கும் இடமெல்லாம் வெப்பம் பிறப்பதால் உள்ளும் புறமும் ஒன்றாகச் சூடாகின்றன. 2017இல் பன்றியின் தமனித் துண்டுகளையும் இருதய வால்வுத் திசுவையும் நிமிடத்துக்கு 130 டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் இவ்வாறு மீட்டார்கள். 2023இல் வெளியான ஆய்வில், 100 நாள் வரை கண்ணாடி நிலையில் இருந்த எலிச் சிறுநீரகங்களை இரத்தக் குழாய் வழியே துகள் நிரப்பி, சூடாக்கி, கழுவி, இரு சிறுநீரகங்களும் அகற்றப்பட்ட எலிகளுக்குப் பொருத்தினார்கள். ஐந்து எலிகளும் அந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்ந்தன.

கண்ணாடின்னா விரிசல் விடுமே?

விடும். எரிந்துகொண்டிருக்கும் அரிக்கேன் விளக்கின் சிம்னியில் தண்ணீர் பட்டதும் நடப்பதேதான். மேற்புறமும் உட்புறமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் இழுவிசை உண்டாகிறது. இறுகிய பொருள் வளைந்துகொடுக்க முடியாமல் பிளக்கிறது. கண்ணாடி நிலைக்கு அருகில் சற்று நிறுத்தி, உள்ளும் புறமும் சமமான பிறகு மெல்ல இறக்குவதும், பெரிய திசுக்களை மைனஸ் 196 வரை கொண்டுபோகாமல் மைனஸ் 130 முதல் 150 டிகிரி வரை வைப்பதும் இதற்கான மாற்று.

ஏற்காட்டுல எங்க காப்பி விதைய இப்படி வெச்சுக்க முடியுமா?

நெல்லும் கேழ்வரகும் நன்றாகக் காய்வதைத் தாங்கும். ஈரம் போனபின் உறைவதற்கு நீரே இல்லை என்பதால், அவற்றைச் சாதாரண உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் ஆண்டுக் கணக்கில் வைக்கலாம். மா, பலா விதைகள் காய்ந்தால் செத்துப்போகும். சேர்வராயன் மலையில் 200 ஆண்டுகளாக வளரும் அராபிகா காப்பி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது: ஓரளவு காய்வதைத் தாங்கும், ஆனால் சாதாரண உறைபெட்டிக் குளிரில் நெடுநாள் தாங்காது. ஈரத்தைக் கவனமாக ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைத்துத் திரவ நைட்ரஜனில் வைத்தால் முளைத்திறனைக் காக்க முடிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டக்காரர் தாமே செய்யக்கூடிய வேலை அன்று; ஈரம் கூடினால் பனி கொல்லும், குறைந்தால் வறட்சி கொல்லும்.

விதை உதவாத பயிர்களுக்குக் குருத்து நுனியை எடுத்துக் கண்ணாடியாக்குகிறார்கள். அதற்குப் பெரிதும் பயன்படும் கலவையை 1990இல் ஜப்பானின் அகிரா சகாய் குழு வகுத்தது: கிளிசரால் 30 சதவீதம், எத்திலீன் கிளைக்காலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் 15 சதவீதம் வீதம், அவற்றோடு சுக்ரோஸ்.

தவளை உறைஞ்சு பிழைக்குதாமே, அதுக்கு யார் மருந்து போட்டா?

அதன் கல்லீரல். வட அமெரிக்க மரத்தவளை குளிர்காலத்தில் தன் உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை பனியாவதைத் தாங்குகிறது. உறையத் தொடங்கியதும் கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டுகிறது. பனி செல்களுக்கு வெளியே மட்டும் நிற்கிறது. எனவே அது பனியைத் தடுப்பதில்லை, இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. அண்டார்க்டிக் மீன்களின் வழி வேறு: 1960களில் ஆர்தர் டிவ்ரிஸ் கண்டறிந்த அவற்றின் இரத்தப் புரதங்கள் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் செய்கின்றன. எம்22 கலவையில் இவ்வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள்களும் உண்டு.

பத்து வருசம் கேன்ல இருந்த கரு பழசாயிடாதா டாக்டர்?

மேலே இரண்டாவது விடையில் சொன்னபடி, அந்தக் குளிரில் வேதிவினை நிகழாது. ஆகவே ஓராண்டு வைத்ததற்கும் பத்தாண்டு வைத்ததற்கும் கருவின் நிலையில் பெரிய வேறுபாடு எதிர்பார்ப்பதற்கில்லை. பத்து ஆண்டு என்பது உயிரியல் வரம்பு அன்று. 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கருவைச் சேமிப்பதற்கு வைத்த வரம்பு. கவலைப்பட வேண்டியது இறங்கும் நிமிடங்களையும் ஏறும் நொடிகளையும் பற்றியே.

கொல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் 1978 அக்டோபர் 3 அன்று பிறந்த, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான 'துர்கா'வின் கருவை, 53 நாள் டைமெத்தில் சல்ஃபாக்சைடு கொண்டு உறைய வைத்திருந்ததாகப் பதிவு செய்தார். அன்றைய விசாரணைக் குழு நம்பவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்த கருவாக்க ஆய்வாளர் டி.சி.ஆனந்தகுமார்தான் அவருக்குரிய இடத்தைப் பெற்றுத் தந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கிட்னிய இப்படி வெச்சுக்கற காலம் வந்துடுச்சா? முழு ஆளையே வெக்கறாங்களாமே?

மனித உறுப்பில் இன்னும் கைகூடவில்லை. 2009இல் ஃபாஹி வெளியிட்ட ஆய்வில் ஒரே ஒரு முயலின் சிறுநீரகம் கண்ணாடியாக்கி மீட்கப்பட்டு, அந்த முயலை 48 நாள் தாங்கியது. அதன் பிறகு வந்த எலிகளைப் பற்றி முன்பே சொன்னேன். எலிச் சிறுநீரகம் ஒரு கிராம் அளவே. மனிதனுடையது 100 மடங்குக்கும் மேல். தேவை என்னவோ அவசரமானது. பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்த சிறுநீரகம் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகவும், இருதயம் 4 முதல் 6 மணி நேரமும்தான் தாங்கும். சேலத்திலிருந்து சென்னைக்குச் சாலை வழியே போகவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது.

முழு உடலை 1967 முதலே வைத்திருக்கிறார்கள். மீட்கப்பட்டவர் எவரும் இல்லை. ஒரு சிறுநீரகத்தையே ஒரே சீராகச் சூடாக்கத் திணறும்போது அதைப் பற்றிப் பேசுவது வீண்.

குச்சிய வெளிய எடுத்துப் பாத்துட்டு திரும்ப உள்ள போட்டுட்டா என்னங்க, உறைஞ்சுதானே இருக்கு?

கண்ணுக்கு உறைந்தே தெரியும். ஆனால் கால் மில்லிலிட்டர் குச்சி சித்திரை வெயிலில் சில நொடிகளிலேயே மைனஸ் 130 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நொடிகளில் சிறு படிகங்கள் ஒன்றுசேர்ந்து பருக்கின்றன, ஐஸ்கிரீமைப் போல. திரும்பக் குளிரவைத்தால் பருத்தவை பருத்தபடியே நிற்கும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கேடு சேர்ந்துகொண்டே போகும். மீட்கும்போது 37 டிகிரி நீரில் 30 நொடி என்று வைத்திருப்பதும் இதற்காகவே. உள்ளங்கையில் உருட்டியோ சட்டைப் பையில் வைத்தோ இளக வைப்பது மெதுவாகச் சூடாக்குவது, அதாவது விதைத்த வயலுக்கு நிதானமாக மழை விடுவது.

வேலையில் சேர்ந்த புதிதில் வாழப்பாடிப் பக்கம் ஒரு களத்துமேட்டில், எந்தக் குவளையில் எந்த நிறக் குச்சி இருக்கிறது என்று பார்க்க, எல்லாவற்றையும் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கி வெளிச்சத்தில் எண்ணினேன். அடுத்த இரண்டு மாதம் அந்தக் குச்சிகளைப் போட்ட மாடுகளில் பாதிக்கு மேல் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. மாட்டுக்காரர்கள் தீவனத்தைக் குறை சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு குவளை வாரியாக நிறத்தையும் எண்ணிக்கையையும் எழுதிய தாள் ஒன்றை மூடியில் ஒட்டிவிட்டேன். திரவம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய மரக்கோலை இறக்கி, பத்து நொடி கழித்து எடுத்துக் காற்றில் ஆட்டுவேன். வெள்ளை படிந்த உயரம்தான் நைட்ரஜனின் உயரம்.